பேசலாம், நடிக்கக் கூடாது

நாடகத்தைப் பற்றிக் கூட்டம் போடலாம், நாடகம் போடக் கூடாது. எங்கள் பக்கத்து நூலகங்களின் எழுதாத சட்டம் இது.

போன வருஷம் நண்பர்கள் சேர்ந்து நாற்பது நிமிட நிகழ்வு ஒன்றைத் தயாரித்தோம். சின்னமனூர், கம்பம் பக்கமிருந்து விடியுமுன்னே இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்பில் வேலைக்குப் போகும் பெண்களைப் பற்றியது. தரையில் சுண்ணாம்பால் ஜீப் அளவுக்கு ஒரு கட்டம். அதற்குள் பதினாலு பேர். வசனம் கிடையாது. மூச்சு, வளைவுக்கு வளைவு உலுக்கல், தூக்குவாளிச் சத்தம், ஒரு பறை. நடித்தவர்களில் மூன்று பேர் நிஜமாகவே அந்த ஜீப்பில் போகிறவர்கள்.

பள்ளத்தாக்கில் ஒரு கிளை நூலகத்தின் முற்றத்தைக் கேட்டோம். அங்கிருந்தவர் நல்ல மனிதர். "தம்பி, புத்தக அறிமுகம்னா இப்பவே எழுதித் தாங்க. நாடகம்னா மேல கேக்கணும். ஸ்கிரிப்ட் இருக்கா?" என்றார். இதுல பேச்சே இல்லைங்கய்யா என்றோம். "அப்ப நான் எதை அனுப்புறது?" அவர் கேட்டதிலும் நியாயம் உண்டு; அவரிடம் இருந்த படிவம் அப்படி. கடைசியில் ஒரு வாழை மண்டியின் காலி இடத்தில் நடத்தினோம். மண்டிக்காரர் ஸ்கிரிப்ட் கேட்கவில்லை. முடிஞ்சதும் கூட்டிவிட்டுப் போங்கப்பா என்றார், அவ்வளவுதான்.

நடிப்பதை முதலில் எழுத்தில் காட்டு என்ற இந்தப் பழக்கம் 1876-ல் வெள்ளைக்காரன் போட்ட நாடகச் சட்டத்திலிருந்து வருகிறது. அவன் போனபிறகு 1954-ல் நாமே நமக்கென்று ஒன்று போட்டுக்கொண்டோம். பரீக்ஷா ஞாநி தொடுத்த வழக்கில் 2013-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளைச் செல்லாது என்று தீர்ப்பளித்தது. சட்டம் போச்சு, பயம் போகலை. என் தொழிலில் இதைத் தினம் பார்க்கிறேன். பழைய நிபந்தனை ஒன்றை நிரலிலிருந்து நீக்கியிருப்போம். அதை நம்பி எழுதிய நூறு இடங்கள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

"நூலகம்னா அமைதி வேணும்" என்பார்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளைக் காட்டுவார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு அமைதி வேண்டும்தான், அதில் விளையாட எனக்கு விருப்பமில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை கிளை நூலகம் விடுமுறை. அன்று சாயங்காலம் அந்த முற்றம் யாருடைய அமைதியைக் காக்கிறது? மேலும், சால்வையும் ஆம்ப்ளிஃபயருமாக மூன்று மணி நேரம் நடக்கும் பாராட்டு விழாவில் கெடாத அமைதி, ஒரு பறையில் மட்டும் கெடுமா? கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் அரங்கம் வரவேற்பு விருந்துக்கு விடப்பட்டு 2012-ல் விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. சாம்பார் வாசம் ஏறிய நாட்டில் வேர்வை வாசத்துக்குத் தடை.

நூலகத்தை வளரும் உயிரி என்று 1931-ல் எழுதியவர் சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன். அதே வருஷம் மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் புத்தகம் ஊர் ஊராகப் போனது. 1948-ல் இங்கே பொது நூலகச் சட்டம் வந்தது. சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். காசு எல்லாரும் கட்டியது. ஆனால் ஏற்கெனவே படிக்கத் தெரிந்தவன் மட்டும் உள்ளே வரலாம் என்ற மாதிரியே நடத்துகிறோம்.

பழியை மேலிடத்தின் மேல் மட்டும் போட்டுவிட்டு நாம் தப்பிக்கவும் முடியாது. 'நவீன நாடகம்' என்றதும் நம் மனசு சென்னைக்கு, அலியான்ஸ் பிரான்சேஸ், மாக்ஸ் முல்லர் பவன் என்று பஸ் ஏறிவிடுகிறது. காந்திகிராமத்தில் நாடகப் பயிற்சிப் பட்டறை நடந்தது 1977-ல். மு. ராமசாமி மதுரையில் நிஜ நாடக இயக்கம் தொடங்கியது 1978-ல். கோவில்பட்டிப் பக்கமிருந்து முருகபூபதியின் மணல்மகுடி வந்தது. எல்லாம் இங்கிருந்து சில மணி நேர பஸ் தூரம். எங்கள் சிறுபத்திரிகை நண்பர்களுக்கு இது தெரியும். தெரிந்தும், நூலகத்தில் ஒரு மாலை கிடைத்தால் 'நவீன நாடகத்தின் சவால்கள்' என்று மைக் பிடிப்போமே தவிர, எழுந்து நின்று கையைத் தூக்க மாட்டோம். நானும் அப்படி இரண்டு கூட்டம் பேசியிருக்கிறேன்.

மண்டியிலேயே நடத்திக்கலாமே, நூலகம் எதுக்கு என்று கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன். இந்தப் பக்கத்தில் கோயில் திடலுக்குச் சாதி உண்டு. மண்டபத்துக்குப் பேரிலேயே உண்டு. வள்ளி திருமணம் நடக்கும் மேடை எந்தத் தெருவில் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. மண்டி ஒருத்தரின் தயவு. எந்தத் தெரு என்று கேட்காமல் யாரும் வந்து உட்கார உரிமையுள்ள கட்டடம் ஊரில் அநேகமாக நூலகம் ஒன்றுதான். எங்களோடு நடித்த அக்கா ஒருத்தர் அந்தக் கிளை நூலகத்தைத் தாண்டித்தான் பதினோரு வருஷமாக ஜீப்பில் போகிறார். "அது பள்ளிக்கூடத்து ஆபீஸுன்னுல்ல நெனச்சேன்" என்றார் ஒத்திகையில். அவர் அந்தப் படி ஏறுவதற்கு ஒரு காரணம் கிடைத்திருந்தது, அதையும் படிவம் தின்றுவிட்டது.

மறுபடி விண்ணப்பம் எழுதுகிறோம். விவரம் தெரிந்த நண்பர் ஒருவர், "கலந்துரையாடல்னு எழுதுங்க, உள்ள போய் என்ன வேணா பண்ணுங்க" என்று யோசனை சொன்னார். வேண்டாம், நாடகம் என்றே எழுதப்போகிறோம். ஸ்கிரிப்ட் இணைப்பு என்ற இடத்தில் சுண்ணாம்புக் கட்டத்தை வரைந்து, நீள அகலம் குறித்து, உள்ளே பதினாலு புள்ளி வைத்து அனுப்புகிறோம்.