அமெரிக்கர் பேசும் ஆங்கிலம்

ஆங்கிலம் கற்கும் நமது மாணவர்களிடையே ஒரு விபரீதமான எண்ணம் நெடுநாளாக வேரூன்றியிருக்கிறது. இங்கிலாந்தில் வழங்குவதே சுத்தமான ஆங்கிலம், அமெரிக்காவில் வழங்குவது அதன் சிதைவு என்பதே அது. நிறத்தைக் குறிக்கும் 'கலர்' என்னும் சொல்லில் ஓரெழுத்தைக் குறைத்து எழுதினால் உபாத்தியாயர் சிவப்பு மையால் கோடிடுகிறார். அம்மாணவனே பிற்காலத்தில் அமெரிக்கருடன் உத்தியோகத் தொடர்பு கொள்ள நேரும்போது, தான் பிழையென்று கற்றதே அங்கு விதியாயிருப்பதைக் கண்டு திகைக்கிறான். நம்மை ஆண்டவன் 1947-ல் கப்பலேறிவிட்டான். அவன் பாஷை வழங்கும் இடமெல்லாம் அவனே நீதிபதி என்ற எண்ணம் மட்டும் அவனுடன் கப்பலேறவில்லை.

அமெரிக்கர் இவ்விஷயத்தில் நடந்துகொண்ட விதம் நம்மவர் கவனிக்கத்தக்கது. 1776-ல் சுதந்திரப் பிரகடனம் செய்த அவர்கள், இங்கிலாந்துடன் சமாதானம் ஏற்பட்ட 1783-லேயே தங்கள் குழந்தைகளின் கையில் தங்கள் நாட்டார் ஒருவர் இயற்றிய எழுத்துக்கூட்டுப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டார்கள். அவர் நோவா வெப்ஸ்டர். அவரும் சட்டம் பயின்ற வக்கீல் என்பதை நமது தொழிலின் பெருமைக்காகச் சொல்லி வைக்கிறோம். 1828-ல் சுமார் 70,000 சொற்கள் கொண்ட அகராதியையும் அவர் வெளியிட்டார். 'கலர்' என்பதில் வேண்டாத எழுத்து நீங்கியதும், 'சென்டர்' என்பதன் ஈற்றெழுத்துக்கள் இடம் மாறியதும் அவருடைய முயற்சியால் நிலைபெற்றவையே. நாவைக் குறிக்கும் 'டங்' என்னும் சொல்லையும் ஒலிக்கேற்பச் சுருக்கப் பார்த்தார். ஜனங்கள் சம்மதிக்கவில்லை, பழைய எழுத்தே நின்றது.

'பாஸ்' என்னும் சொல்லின் சரித்திரம் இன்னும் ரஸமானது. இன்று சென்னை வீதிகளில் ஆட்டோ ஓட்டுபவர் முதல் யாவரும் அதைத் தாராளமாக வழங்குகிறார்கள். அது ஆங்கிலச் சொல்லன்று. அமெரிக்காவில் குடியேறிய டச்சுக்காரரிடமிருந்து வந்தது. எஜமானனைக் குறிக்க ஆங்கிலத்தில் 'மாஸ்டர்' என்ற சொல் இருந்தும், கூலிக்கு உழைத்த சுதந்திர மனிதன் அதைத் தன் வாயால் சொல்லக் கூசி, டச்சுச் சொல்லை எடுத்துக்கொண்டான். ஏனெனில், 'மாஸ்டர்' என்பது அடிமைகள் சொல்லும் சொல். அந்த அடிமைகளுக்கோ 1865 வரை வேறு சொல்லைத் தெரிந்தெடுக்கும் உரிமை இருக்கவில்லை. இதையும் மறவாமல் சொல்லித்தான் அந்நாட்டின் சுயமரியாதையைப் புகழ வேண்டும்.

நாணயத்திற்கு வருவோம். பவுன், ஷில்லிங், பென்ஸ் என்ற ஆங்கிலக் கணக்கை உதறிவிட்டு, 1785-ல் டாலரை அவர்கள் தங்கள் நாணயமாகக் கொண்டார்கள். 1792-ல் நாணயச் சட்டம் செய்தார்கள். பொஹீமியாவிலுள்ள யோவாகிம்ஸ்தால் என்னும் ஊரில் வெட்டியெடுத்த வெள்ளியால் அடித்த 'தாலர்' காசின் பெயரே டாலராயிற்று. டாலருக்கு 100 சென்ட். ஐந்து சென்ட் காசு 'நிக்கல்' எனப்படும். ஆயினும் அதில் முக்கால் பங்கு செம்பு! பத்து சென்ட் காசாகிய 'டைம்' அதைவிட மதிப்பில் இரட்டிப்பு, உருவத்திலோ சிறியது. இவற்றின்மீது மதிப்பு எழுத்தால் பொறிக்கப்பட்டிருக்கிறதேயன்றி எண்ணால் அல்ல. டைமிலோ 'ஒரு டைம்' என்றுதான் இருக்கும். புதிதாகச் செல்பவர் கடையில் விழிப்பதற்கு வேறென்ன வேண்டும்? இருபத்தைந்து சென்டுக்குக் 'குவார்ட்டர்' என்று பெயர். முற்காலத்தில் ஸ்பானிய டாலரை எட்டு 'பிட்'டாகக் கணக்கிட்டதால், அதை 'இரண்டு பிட்' என்றும் சொல்வதுண்டு. மட்டமான பொருளையும் அவ்வாறே இகழ்வார்கள். நாம் 1957-ல் அணாக் கணக்கை விட்டும் இருபத்தைந்து காசை 'நாலணா' என்றே சொல்லிவந்ததும், உதவாதவனைக் 'காலணா பெறாதவன்' என்பதும் இதற்கு நேரானவை. நமக்குப் பதினான்கு வருஷங்கள் கழித்து, 1971-ல்தான் இங்கிலாந்து தசாம்ச நாணயத்திற்கு வந்தது என்பதையும் நேயர்கள் குறித்துக்கொள்ளலாம்.

சட்டத்தில் 'சென்ட்' என்றிருந்தும் ஜனங்கள் பழைய வழக்கப்படி 'பென்னி' என்றே அழைத்த காசைப் புழக்கத்திற்காக அடிப்பது 12-11-2025-ல் பிலடெல்பியாவில் முடிவுற்றது. ஒரு சென்ட் காசை அடிக்க மூன்று சென்டுக்கு மேல் செலவாயிற்றாம்! ஏற்கனவே அடித்த காசுகள் செல்லும். சிந்தனையில் மூழ்கியிருப்பவனை நோக்கி 'உன் எண்ணத்திற்கு ஒரு பென்னி' என்று சொல்லும் வழக்கும் செல்லும்.

டாலரைப் பேச்சில் 'பக்' என்பார்கள். ஆனால் 'பக்கைத் தள்ளிவிடுதல்' என்பதற்குப் பணத்துடன் சம்பந்தமில்லை. சீட்டாட்டத்தில், சீட்டுப் போடும் முறை யாருடையது என்பதைக் காட்ட வைக்கும் அடையாளப் பொருளுக்கும் 'பக்' என்று பெயர். ஆகவே பொறுப்பைப் பிறர் தலையில் கட்டுவது என்பதே கருத்து. 'பக் இங்கே நின்றுவிடும்' என்னும் பலகையை ஜனாதிபதி ட்ரூமன் தமது மேஜைமீது வைத்திருந்தார். நமது மந்திரிமார் மேஜைகளுக்கும் ஒவ்வொன்று செய்து தரத் தச்சர்களுக்குப் பஞ்சமில்லை.

பொதுக்கூட்டங்களில் ஈடுபடுவோர் முக்கியமாக அறிய வேண்டியது ஒன்றுண்டு. ஒரு தீர்மானத்தை 'டேபிள்' செய்வது என்றால், இங்கிலாந்தில் அதை விவாதத்திற்கு முன்வைப்பது. அமெரிக்காவில் அதை ஒத்திப்போட்டு ஒதுக்கிவைப்பது. இரண்டாவது உலக யுத்தத்தின்போது இரு நாட்டுச் சேனாதிபதிகள் இச்சொல்லால் நெடுநேரம் காரசாரமாக வாதாடி, பிறகுதான் இரு கட்சியார் விருப்பமும் ஒன்றே என்று கண்டார்கள் என சர்ச்சில் எழுதியிருக்கிறார். நாம் பழகியிருப்பது இங்கிலாந்தின் பொருள். அமெரிக்கர் கூடிய சபையில் அதை நம்பி எழுந்தால் நமது தீர்மானத்தை நாமே புதைத்தவராவோம்.

சாப்பாட்டு விடுதியில் வேறொரு சங்கடம் காத்திருக்கிறது. விலைப்பட்டியலில் கண்ட தொகையோடு பெரும்பாலான ராஜ்யங்களில் விற்பனை வரி தனியே சேரும். அதற்கும் மேல் நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபது வரை 'டிப்' வைப்பது வழக்கம். இதை இனாம் என்று மொழிபெயர்த்துக்கொண்டு, இஷ்டமிருந்தால் கொடுக்கலாமென்று நம்மவர் எழுந்துவிடுகிறார்கள். மணிக்கு இரண்டு டாலர் பதின்மூன்று சென்ட் கொடுத்தால் போதும், மீதியை 'டிப்' ஈடுசெய்யும் என்று 1991 முதல் மத்திய சட்டம் முதலாளிக்கு இடம் கொடுத்திருக்கிறது. பெரும்பாலான ராஜ்யங்கள் அதைவிட உயர்ந்த கூலியை விதித்திருக்கின்றன. 'மாஸ்டர்' என்று சொல்ல மறுத்த தொழிலாளியின் நாட்டில், பரிமாறுகிறவரின் வயிற்றுப்பாடு உண்டவரின் தயவில் நிற்பதை நாம் ஆமோதிக்கவில்லை. ஆனால் அவ்வழக்கம் உள்ளவரை, அங்கு உண்ணும் தமிழர் அத்தொகையைக் கூலியின் பாக்கியாகக் கருதித் தயங்காமல் கொடுத்துவிட வேண்டும்.