கடவுச்சொல்லைக் கெடுத்த விதிகள்

வங்கிச் செயலியோ அரசு இணையதளமோ, புதிதாகக் கணக்கு தொடங்குபவரை முதலில் மடக்குவது ஒரு சிவப்பு எழுத்து எச்சரிக்கைதான்: ‘ஒரு பெரிய எழுத்து, ஒரு எண், ஒரு சிறப்புக் குறி கட்டாயம்.’ அதற்கு மக்கள் கண்டுபிடித்த பதில் எல்லா ஊரிலும் ஒன்றே. பிள்ளையின் பெயர், அடுத்து ஒரு @, கடைசியில் 123. மூன்று மாதம் கழித்து மாற்றச் சொன்னால் 124. விதிக்கும் கட்டுப்பட்டாயிற்று, திருடனுக்கும் வழிவிட்டாயிற்று.

இந்த விதிகளைப் பரப்பியதில் பெரும்பங்கு பில் பர் என்பவருக்கு உண்டு. ‘நிஸ்ட்’ எனப்படும் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனத்துக்காக 2003-இல் அவர் எழுதிய வழிகாட்டி உலகம் முழுவதும் வேதமானது. மக்கள் உண்மையில் எப்படிக் கடவுச்சொல் வைக்கிறார்கள் என்ற தரவு அப்போது அவர் கையில் அதிகம் இல்லை. அதை 2009-இல் திருடர்களே கொண்டுவந்து கொட்டினார்கள். ராக்யூ நிறுவனம் பூட்டாமல் வைத்திருந்த 3.2 கோடி கடவுச்சொற்கள் வெளியே வந்தபோது, அவற்றில் ஏறத்தாழ 2.9 லட்சம் வெறும் 123456.

ஓய்வுபெற்ற பர், தன் ஆலோசனையில் பெரும்பகுதிக்காக வருந்துவதாக 2017-இல் வெளிப்படையாகச் சொன்னார். அதே ஆண்டு நிஸ்ட் விதிகளைத் திருப்பிப் போட்டது: எழுத்துக் கலவையைக் கட்டாயப்படுத்தாதீர்கள், காரணமின்றி மாற்றச் சொல்லாதீர்கள், ஏற்கெனவே கசிந்த சொற்களை ஏற்காதீர்கள். இங்கே பல நிறுவனங்கள் இன்னும் 2003-ஐ விட்டு நகரவில்லை.

நீளம்தான் பலம். முருங்கை, சைக்கிள், புதன், தவில் என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத நான்கைந்து சொற்களைச் சேர்த்து ஆங்கில எழுத்தில் தட்டினால் இருபது எழுத்தைத் தாண்டும், மனத்திலும் நிற்கும். (செய்தித்தாளில் வந்துவிட்டதால் இந்த நான்கு வேண்டாம்.) ஆனால் எவ்வளவு நீளமானாலும் ஒரே சொல்லைப் பல இடத்தில் வைத்தால் வீண். டிராப்பாக்ஸ் ஊழியர் ஒருவர் வேறொரு தளத்தின் கடவுச்சொல்லையே அலுவலகத்திலும் வைத்திருந்ததில் தொடங்கிய 2012 ஊடுருவலில், 6.8 கோடிக் கணக்குகளின் விவரம் போனது. எல்லாவற்றையும் நினைவில் வைக்க முடியாதவர்களுக்குக் கடவுச்சொல் மேலாளர் செயலிகள் இருக்கின்றன. மின்னஞ்சலுக்கு மட்டுமாவது தனிச்சொல்லும் இரண்டடுக்குச் சரிபார்ப்பும் அவசியம். மற்ற கணக்குகளை மீட்கும் சாவி அங்கேதான் வந்து சேர்கிறது.

மக்களுக்கு இத்தனை பாடம் எடுக்கும் நிறுவனங்கள் தாங்கள் என்ன செய்கின்றன? இ-ஆதார் கோப்பைத் திறக்கும் கடவுச்சொல், பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த ஆண்டும். சில வங்கிகளின் கணக்கறிக்கைக்குப் பிறந்த தேதியே போதும். பிறந்தநாள் வாழ்த்து அனுப்புகிற எவரும் திறந்துவிடக்கூடிய இந்தச் சூத்திரத்தைக் கைவிட்டு, கடவுச்சொல்லைப் பயனரே வைத்துக்கொள்ள அந்த நிறுவனங்கள் வழிசெய்ய வேண்டும். அதுவரை, ஜெராக்ஸ் கடைக் கணினியில் ஆதாரைப் பதிவிறக்கி அச்செடுப்பவர்கள் கோப்பை நிரந்தரமாக அழித்து, மின்னஞ்சலிலிருந்தும் வெளியேறிவிட்டு எழுந்திருங்கள்.