வீசா முடிந்தால் உரிமையும் முடிந்ததா?



"வீசா முடிந்த பிறகும் அங்கேயே இருந்தவர் சட்டத்தை மீறியவர். நிரந்தர வதிவிடம் கேட்டு விண்ணப்பம் போட அவருக்கு என்ன உரிமை?" இந்தப் பேச்சை இப்போது அடிக்கடி கேட்கிறோம். அலுவலக மேசைக்குப் பின்னால் இருப்பவர்கள் சொல்கிறார்கள். ஏஜென்சிக்காரர்கள் சொல்கிறார்கள். வருத்தம் என்னவென்றால், நம் லயங்களிலும் சிலர் அதையே திருப்பிச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். வெளிநாட்டில் வீசா முடிந்து மறைந்து வேலை செய்யும் பிள்ளையைப் பற்றிப் பேச்சு வந்தால், "அவன் செய்ததும் பிழைதானே" என்று கதையை முடித்துவிடுகிறோம்.

வேறு யாரும் சொல்லலாம். தோட்டத் தொழிலாளர் சொல்லக்கூடாது. இன்று நம்மில் பலர் சட்டைப்பையில் வைத்திருக்கும் அடையாள அட்டையின் பின்னால், ஒரு காலத்தில் முடிந்துபோன ஒரு வீசா இருக்கிறது. அதை மறந்தவர்களுக்கு நினைவுபடுத்தவே இதை எழுதுகிறோம்.

1948 நவம்பர் 15ஆம் திகதி நடைமுறைக்கு வந்த 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், தகப்பனோ, அல்லது பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது. லயத்தில் பிறந்தவர்களின் பிறப்பைப் பதிவு செய்ய யார் அக்கறைப்பட்டார்கள்? மறு ஆண்டு வந்த 3ஆம் இலக்கச் சட்டம், மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் தொடர்ச்சியாக இங்கே வதிந்ததை நிரூபிக்கச் சொன்னது. 8 இலட்சத்துக்கும் அதிகமானோருக்காக விண்ணப்பங்கள் போயின. பிரஜாவுரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. மற்றவர்கள் கொழுந்து பறித்துக்கொண்டே நாடற்றவர் ஆனார்கள்.

1964 அக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ அம்மையாரும் சாஸ்திரியும் டில்லியில் ஒப்பந்தம் செய்தார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு; மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்றார்கள். 1974இல் அந்த மீதியையும் பாதி பாதியாகப் பிரித்தார்கள். தேயிலைப் பெட்டியை எண்ணுவதுபோல் மனிதரை எண்ணினார்கள். எண்ணப்பட்டவர்களில் ஒருவரையும் கூப்பிட்டு அபிப்பிராயம் கேட்கவில்லை.

இந்தியாவுக்கு என்று எழுதப்பட்டவர்களுக்கு இந்தியக் கடவுச்சீட்டு வந்தது. போகும்வரை இங்கே இருக்க ஒரு வதிவிட வீசா. சேமலாப நிதி கைக்கு வரவேண்டும், சேவைக்காலப் பணம் வரவேண்டும், பிள்ளையின் கல்யாணம் முடியவேண்டும் என்று காத்திருந்தார்கள். 1983 ஜூலை வந்தது. 1984இல் தலைமன்னாருக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையே ஓடிய கப்பல் நின்றது. மாதங்கள் ஆண்டுகளாயின. வீசா முடிந்தது. பிறகு கடவுச்சீட்டும் முடிந்தது. இப்படி அகப்பட்டுக்கொண்டவர்கள் சுமார் 84,000 பேர். இலங்கையின் கணக்கில் அவர்கள் வெளிநாட்டவர். இந்தியாவின் கணக்கில் வந்து சேராதவர். ஆனால் அடுத்த நாள் காலை பெரட்டில் அவர்கள் பெயர் கூப்பிடப்பட்டது, கூடை கொடுக்கப்பட்டது. நாட்டுக்கு வேண்டாதவரின் உழைப்பு மட்டும் தோட்டத்துக்கு வேண்டியிருந்தது.

இந்தக் குடும்பங்கள் செய்த குற்றம் என்ன? கப்பலை நிறுத்தியது அவர்களா? ஒப்பந்தத்தை எழுதியது அவர்களா? சேமலாப நிதியைத் தாமதப்படுத்தியது அவர்களா? ஆனாலும் "வீசா முடிந்தவர்" என்ற பெயர் அவர்கள் தலையில்தான் விழுந்தது. இன்று வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளையைப் பற்றி நாம் சொல்வதும் அதே பெயர்தான்.

அந்த முடிச்சு எப்படி அவிழ்ந்தது? 2003 அக்டோபரில் பாராளுமன்றம் ஏகமனதாக ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. அதுதான் அந்த ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம். 1964 அக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வதிந்த இந்திய வம்சாவளியினரும் அவர்களின் சந்ததியினரும் பிரஜைகள் என்றது. இந்தியக் கடவுச்சீட்டு எடுத்துவிட்டு இங்கேயே தங்கியவர்களும், ஒரு பிரகடனத்தில் ஒப்பமிட்டுப் பிரஜையாகலாம் என்றது. "உன் வீசா எத்தனையாம் ஆண்டு முடிந்தது, அதற்குத் தண்டம் கட்டினாயா" என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. அகதிகளுக்கான ஐக்கிய நாடுகள் உயர்ஸ்தானிகராலயத்தின் ஒத்துழைப்போடு நடமாடும் முகாம்கள் வைத்து, 10 நாட்களில் 1,90,000க்கும் அதிகமானோரின் காரியம் முடிந்தது. அரை நூற்றாண்டாக முடியாது என்று சொன்னதை 10 நாளில் முடித்தார்கள். வானம் இடிந்து விழவில்லை. இலங்கை தாழ்ந்து போகவில்லை.

அதே 2003 டிசம்பரில் டில்லிப் பாராளுமன்றம் எதிர்த் திசையில் நடந்தது. இந்தியக் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தி "சட்டவிரோதக் குடியேறி" என்ற சொல்லை இறுக்கியது. செல்லுபடியான கடவுச்சீட்டு இல்லாமல் வந்தவரும், முறைப்படி வந்து அனுமதித்த காலத்துக்கு மேல் தங்கியவரும் அந்தச் சொல்லுக்குள் அடங்குவர். அப்படிப்பட்டவர் பதிவு மூலமோ நீண்டகால வதிவு மூலமோ குடியுரிமை கேட்கவே முடியாது. 1983க்குப் பிறகு உயிரைக் காப்பாற்றப் படகேறிய நம் மலையக உறவுகள் இதில் அகப்பட்டார்கள். இந்திய வம்சாவளி என்று இங்கே துரத்தப்பட்டவர்கள், அங்கே சட்டவிரோதக் குடியேறி ஆனார்கள். தமிழ்நாட்டு முகாம்களில் இன்றும் ஆயிரக்கணக்கான மலையகக் குடும்பங்கள் இருக்கின்றன. பேரப்பிள்ளைகள் முகாமிலே பிறந்து, முகாமிலே படித்து, முகாமிலே கல்யாணம் முடித்துவிட்டார்கள்.

2019 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்த மலையக வம்சாவளியினர் தொடுத்த வழக்கில் அவர்களின் விண்ணப்பங்களை ஏற்றுப் பரிசீலிக்கச் சொன்னது. அந்த ஆண்டு இறுதியில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டமோ பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளின் பெயரை எழுதியது; இலங்கையை எழுதவில்லை. 2025 செப்டெம்பரில் வந்த ஆணை, 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழரை, கடவுச்சீட்டும் வீசாவும் இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்கியது. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் சிறைக்கு அனுப்பமாட்டோம் என்பது வேறு. இங்கே வாழ உனக்கு உரிமை உண்டு என்பது வேறு. முதலாவதைக் கொடுத்துவிட்டு இரண்டாவதையும் கொடுத்ததாகக் கணக்கு எழுத வேண்டாம்.

இனி நம் காலத்துக்கு வருவோம். ஹட்டனிலிருந்தும் பதுளையிலிருந்தும் போகிற பிள்ளையும், அம்பாறைக் கரையில் திருக்கோவிலை அடுத்த வினாயகபுரத்திலிருந்தும் கல்முனையிலிருந்தும் போகிற பிள்ளையும் ஒரே விமானத்தில்தான் வளைகுடாவுக்குப் போகிறார்கள். ஒருவரைத் தோட்டச் சம்பளம் துரத்துகிறது. மற்றவரைக் கடன் துரத்துகிறது. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது அம்பாறைக் கரையில் வீட்டோடு பிறப்புச் சான்றிதழும் காணி உறுதியும் போயின. கடதாசி இல்லாமல் ஒரு மனிதர் அலுவலகத்தில் எப்படி நடத்தப்படுவார் என்பது மலையகத்துக்கு மட்டும் தெரிந்த கதை அல்ல. அந்தக் கரைக்கும் தெரியும்.

வளைகுடாவில் வீசா எப்படி முடிகிறது என்று பாருங்கள். அங்கே தொழிலாளியின் வதிவிட அனுமதி, 'கபீல்' என்ற முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டிருக்கிறது. அதைப் புதுப்பிக்க வேண்டியவர் அவர். புதுப்பிக்காவிட்டால் சட்டவிரோதி ஆவது தொழிலாளி. சம்பளம் தரவில்லை, அடிக்கிறார்கள் என்று வீட்டை விட்டு வெளியே வந்தால், "ஓடிவிட்டாள்" என்று ஒரு முறைப்பாடு போதும். கடவுச்சீட்டு முதலாளியின் அலுமாரியில் இருக்கும். இந்த நிலையில் உள்ள பெண்ணிடம் போய், "ஏன் வீசாவைப் புதுப்பிக்கவில்லை" என்று கேட்பது, நடுக்கடலில் தள்ளிவிட்டு ஏன் நனைந்தாய் என்று கேட்பதற்குச் சமம்.

இதற்கு மாறாகச் சொல்லப்படும் இரண்டு நியாயங்களுக்குப் பதில் சொல்லவேண்டும்.

"சட்டப்படி போனவர்களுக்கு இது அநியாயம்" என்கிறார்கள். வீசா முடிந்தவர் என்றாலே ஒருநாள் வீசா இருந்தவர். பணியகத்தில் பதிந்து, மருத்துவச் சோதனை முடித்து, சட்டப்படி வாசலால் போனவர்தான் அவர். வழியில் கைவிட்டது யார் என்பதே கேள்வி.

"ஒருமுறை மன்னித்தால் எல்லோரும் அப்படியே தங்குவார்கள்" என்கிறார்கள். இப்போது யாருக்கு இலாபம் என்று பார்ப்போம். வீசா முடிந்தவர் சம்பளம் குறைந்தால் முறையிடமாட்டார். கை வெட்டுப்பட்டால் வைத்தியசாலைக்குப் போகமாட்டார். சங்கத்தில் சேரமாட்டார். அப்படி ஒருவர் கிடைக்கும்போது, வீசா உள்ளவருக்குக் கூடுதல் சம்பளம் எந்த முதலாளி கொடுப்பார்? ஒருவரின் பயம் எல்லோருடைய சம்பளத்தையும் இழுத்து விழுத்துகிறது. நாடற்றவராக இருந்த காலத்தில் நம் சம்பளம் எப்படி இருந்தது என்பதை நம் தாத்தா பாட்டிமாரிடம் கேளுங்கள். அதனால்தான் இது சங்கத்தின் பிரச்சினை.

செய்ய முடியாததையும் நாம் கேட்கவில்லை. 2020இல் கொரோனா காலத்தில் இத்தாலி அரசாங்கம், தோட்டங்களிலும் வீடுகளிலும் வேலை செய்யும் வெளிநாட்டவருக்கு ஒரு வழி திறந்தது. 2019 அக்டோபர் 31க்குப் பின் அனுமதி முடிந்துபோன, முன்பு அத்தொழில்களில் இருந்தவர்களும் தாங்களே விண்ணப்பித்து வேலை தேட 6 மாத அனுமதி பெறலாம் என்றது. மொத்தம் 2 இலட்சத்துக்கும் அதிகமான விண்ணப்பங்கள் வந்தன. ஐக்கிய அரபு அமீரகம் 2024 செப்டெம்பர் முதல் டிசம்பர் வரை, வீசா முடிந்தவர்கள் தண்டம் இல்லாமல் நாடு திரும்பவோ, புதிய வேலையில் சேர்ந்து பதிவைச் சரிசெய்யவோ இடம் கொடுத்தது. நிரந்தர வதிவிடம் இல்லைதான். ஆனால் முடிந்த வீசாவை வைத்துக்கொண்டு விண்ணப்பிக்க முடியும் என்பதை அவர்களே ஒத்துக்கொண்டுவிட்டார்கள். குடிபெயர்ந்த தொழிலாளர் பற்றிய 1990ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 1996இல் ஏற்றது. ஆவணம் ஒழுங்கில் இல்லை என்பதற்காகத் தொழிலாளியின் சம்பள உரிமையை முதலாளி மறுக்க முடியாது என்று அதன் 25ஆம் உறுப்புரை சொல்கிறது.

ஆகவே நாம் கேட்பது இவை:

1. தொழிலாளியின் தவறால் அல்லாமல் முதலாளியின் தவறால் வீசா முடிந்தால், அந்தக் காலத்தைத் தொழிலாளியின் கணக்கில் எழுதக்கூடாது. வேலைவாய்ப்பு உடன்படிக்கைகளில் இலங்கை அரசாங்கம் இதை ஒரு நிபந்தனையாக வைக்கவேண்டும்.

2. பொதுமன்னிப்புக் காலம் அறிவிக்கப்பட்டால், அந்தச் செய்தி தமிழில், பிரதேச செயலகம் வழியாகத் தோட்டத்துக்கும் கரையோர ஊர்களுக்கும் உடனே வரவேண்டும். காலம் முடிந்த பிறகு வரும் அறிவித்தல் யாருக்கும் உதவாது.

3. தமிழ்நாட்டு முகாம்களில் உள்ள மலையக வம்சாவளியினரை, 1964 ஒப்பந்தத்தின் மிச்சக் கடனாக இந்தியா ஏற்று, "சட்டவிரோதக் குடியேறி" என்ற சொல்லை நீக்கி, அவர்களின் விண்ணப்பத்தை எடுக்கவேண்டும். திரும்பிவர விரும்புவோருக்கு 2009 திருத்தச் சட்டம் வழி வைத்திருக்கிறது. அதைக் கொழும்பு தாமதமின்றி நடைமுறைப்படுத்தவேண்டும்.

குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. வெளிநாட்டில் உள்ள பிள்ளையின் கடவுச்சீட்டு, வீசா, வேலை ஒப்பந்தம் ஆகியவற்றின் பிரதியை இன்றே வாங்கி வீட்டில் வையுங்கள். முடியும் திகதியைச் சுவர்க் கலண்டரில் எழுதுங்கள். முடிவதற்கு முன்பே விண்ணப்பிப்பதுதான் பாதுகாப்பு. விண்ணப்பித்ததற்கான பற்றுச்சீட்டைத் தவறவிடாதீர்கள். முடிந்துவிட்டால் மறைக்காதீர்கள். தரகரிடம் காசைக் கொண்டுபோய்க் கொடுக்காமல் சங்கக் காரியாலயத்துக்கு வாருங்கள்.

நம்மைக் கள்ளத்தோணி என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்கள், இன்னொரு தொழிலாளியைப் பார்த்து அதே சொல்லைச் சொல்வதா? வீசா முடிந்த பிள்ளையும் நம் பிள்ளைதான். அவனுக்காக, அவளுக்காக எழுதப்படும் விண்ணப்பத்தில் நம் சங்கத்தின் கையொப்பமும் இருக்கும்.