பால்வீதியின் நடுவும் தேசத்தின் கண்ணும்

நீலகிரியில் கூடலூரை அடுத்த ஸ்ரீமதுரைக் கிராமத்தில், பங்குனி மாதத்து விடியற்காலையில் தெற்கே தனுசு ராசி தோன்றும். அத்திசையில், 26,000 ஒளிவருஷ தூரத்தில், நமது பால்வீதியின் நடுவிடம் உளது. ஆயின் இடையே தூசிப்படலம் மறிப்பதால், அங்கிருந்து வரும் வெளிச்சத்தில் லக்ஷம் கோடியில் ஒரு பங்கே நம்மை அடைகிறது. அகச்சிவப்புக் கிரணங்களோ பத்தில் ஒரு பங்களவு தப்பி வந்துவிடுகின்றன. அவ்விடத்தைக் காண விரும்பும் தேசத்துக்கு அகச்சிவப்புக் கண் வேண்டும்.

இதனால் ஆவதென்ன என்பார்க்கு ஓர் உதாரணம் கூறுவோம். நடுவிடத்துக்குச் சுமார் 100 ஒளிவருஷத்துக்குள், தூசியால் மூடுண்ட ஐந்து நக்ஷத்திரங்கள் 1980-களில் அறியப்பட்டன. இவை பிறந்து உறை கழியாத குழவிகளா, முதிர்ந்தவையா என்று நெடுநாள் விவாதம் நடந்தது. 2006-இல் ஹவாய்த் தீவின் கெக் தொலைநோக்கி, அவற்றுட் சிலவற்றைச் சுற்றித் தூசி சக்கரம்போற் சுழல்வதைக் காட்டிற்று. இரட்டை நக்ஷத்திரங்களின் காற்றுகள் மோதி விளைந்த தூசி அது. சூரியனுக்கு வயது 460 கோடி வருஷம். இவற்றுக்குச் சில பத்து லக்ஷமே. எனினும் பேருடல் படைத்தவையாதலின் அதற்குள் அந்திய காலத்தை எட்டிவிட்டன. விவாதத்தைத் தீர்த்தது வாக்குவன்மையன்று, கருவி.

அத்தகைய கருவி நம்மிடம் உண்டா? கெக்கின் ஆடி 10 மீட்டர். நம் ஹான்லேயில் உள்ளது 2 மீட்டர். தேவஸ்தலில் உள்ளது 3.6 மீட்டர். ஹவாயில் உத்தேசித்த 30 மீட்டர் தொலைநோக்கியில் 2014-இல் நம் சர்க்கார் பங்கு கொண்டது நன்றே. ஆனால் பங்கு வேறு, உடைமை வேறு.

ஏழை நாட்டுக்கு இது தகுமா என்பர் சிலர். அவர்கள் உதகைக்கு அருகே முத்தோரை சென்று பார்க்கட்டும். கோவிந்த் ஸ்வரூப்பின் தலைமையில் நம்மவர் வகுத்து, 1970-இல் முடித்த 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கி அங்கே மலைச்சரிவில் நிற்கிறது. சந்திரன் பால்வீதியின் நடுவை மறைத்த சமயங்களில், அவ்விடத்து ரேடியோ அலைகளை அதனால் அளந்தார்கள்.

அகச்சிவப்புக் கண்ணுக்கு நீலகிரி ஏற்றதன்று. காற்றின் ஈரம் அக்கிரணங்களைக் குடித்துவிடும். தனுசு நள்ளிரவில் உச்சமேறும் ஆனி, ஆடியில் ஸ்ரீமதுரையில் அடைமழை. வறண்ட காற்றும் 4,500 மீட்டர் உயரமும் உடைய ஹான்லே நமதே. இடம் உண்டு, அறிஞர் உண்டு, முன்மாதிரியும் உண்டு. இல்லாதது உறுதி ஒன்றே. பெரிய அகச்சிவப்புத் தொலைநோக்கியொன்றை நம் மண்ணிலேயே நாட்டுமாறு பார்லிமெண்டு அங்கத்தினர்களை வற்புறுத்துவது ஜனங்களின் கடமை. பிறர் கண்ணால் ஆகாயம் பார்க்கும் ஜாதி, பிறர் சொன்னதையே உண்மையென்று எழுதிக்கொள்ளும்.