மரிக்காரா, அப்புக்குட்டியா?

எல்லைக் கதியாலை ஒரு சாண் அரக்கி நட்டதற்காகத் தலைமுறை தலைமுறையாக நீதிமன்றப் படி ஏறியவர்கள் என்ற பெயர் யாழ்ப்பாணத்தார்க்கு உண்டு. தீவுப்பகுதியாராகிய நாமும் அதற்கு விலக்கல்லோம். நெடுந்தீவிலே கதியால் வேலிக்குப் பதிலாகக் கடற்கற்களை அடுக்கிய மதில்கள். கல்லை அரக்குவது கடினம் என்பதால் அங்கே வழக்குக் குறைந்துவிட்டதாக நாம் கேள்விப்பட்டதில்லை. ஆனால், எந்த நீதிமன்றும் ஏற்காத, எந்தச் சட்டத்தரணிக்கும் கூலி கிடையாத வழக்கொன்று நெடுங்காலமாக எம்மிடையே நடந்து வருகின்றது. இலங்கை வானொலியின் நகைச்சுவை நாடகங்களுள் எக்காலத்தவை சிறந்தவை? அவற்றில் வந்த பாத்திரங்களுள் எவர் முதல்வர்? இதுவே அவ்வழக்கு.

குறிகட்டுவான் இறங்குதுறையில் படகுக்குக் காத்திருப்போரிடம் இதனைப் பலமுறை கேட்டிருக்கிறோம். நயினாதீவுக்குச் செல்வோர் வழக்கைத் தொடுத்து முடிக்குமுன் கரை வந்துவிடும். நெடுந்தீவார்க்கோ ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடல் இருக்கின்றது. ஆதலால் அவர்களுடைய வாதங்களும் விரிவானவை. எமக்கு வயது நாற்பத்துச் சொச்சம். வழக்கின் நடுநாயகமான நாடகம் ஒலித்த காலத்தில் நாம் பிறக்கவேயில்லை. எனவே, எமக்கு இதில் வாக்குரிமை இல்லை. இரு திறத்தாரும் சொன்னவற்றைக் குறித்துக்கொள்ளும் முதலியார் வேலை மட்டுமே எமக்குரியது.

வழக்காளிகளை வயதைக் கொண்டே அடையாளங் காணலாம். எண்பதைக் கடந்தவர்கள் 'விதானையார் வீட்டில்' கட்சியினர். இந்நாடகத்தையும் 'லண்டன் கந்தையா'வையும் எழுதியவர் இலங்கையர்கோன் என்ற புனைபெயர் பூண்ட த. சிவஞானசுந்தரம் (1915–1961). ஈழத்துச் சிறுகதையின் முன்னோடிகளுள் ஒருவராகிய அவர், தொழிலாற் காரியாதிகாரியாக இருந்தவர். விதானைமாருடன் நாள்தோறும் அலுவல் பார்த்தவருக்கு விதானையார் வீட்டு விறாந்தையில் என்ன பேசப்படும் என்பதைக் கற்பனை செய்யும் தொல்லை இருந்திராது. அக்காலத்தில் வானொலியின் தமிழ் நாடகப் பகுதியைப் பொறுப்பேற்று நடத்தியவர் 'சானா' எனப்பட்ட சண்முகநாதன்.

இக்கட்சியினரின் இடர் என்னவெனில், அவர்கள் சிரிப்பதற்கான காரணத்தை இளைஞர்க்கு விளக்க வேண்டியிருக்கின்றது. விதானைமார் பதவி 1963ஆம் ஆண்டுடன் ஒழிந்து, கிராம சேவகர் வந்தனர். இன்று எம் வகுப்பு மாணவரிடம் விதானையார் யார் என்று வினவினால், நொத்தாரிசு என்பார் ஒருவர், கோயில் மணியகாரர் என்பார் மற்றொருவர். லண்டன் கந்தையாவின் நிலையோ வேறு. அன்று லண்டன் என்ற அடைமொழி ஒருவரை ஊருக்கே வேடிக்கைப் பொருளாக்கப் போதுமானதாயிருந்தது. இன்று வேலணையிலும் புங்குடுதீவிலும் லண்டனிலோ பாரிசிலோ ரொறன்ரோவிலோ ஒரு கந்தையா இல்லாத வீட்டைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

ஐம்பதை ஒட்டியவர்கள் கே. எஸ். பாலச்சந்திரன் கட்சி. கரவெட்டியிற் பிறந்த இக்கலைஞர் (1944–2014) தனியொருவராக மேடையில் நின்று, பஸ் நடத்துநராகவும் பயணிகளாகவும் மாறி மாறி நடித்த 'அண்ணை றைற்' ஒலிநாடாவாகவும் வெளிவந்தமையால், இவர்களிடம் மற்றவர்களிடம் இல்லாத ஆயுதம் ஒன்று உண்டு. வாய்ப்பேச்சு முற்றினால், "இந்தா, கேள்" என்று கைத்தொலைபேசியில் ஒலிக்கவிட்டு எதிர்க்கட்சியை வாயடைக்கச் செய்துவிடுவர்.

இவ்விரு கட்சிக்கும் நடுவே நிற்போர்தாம் தொகையிலும் குரலிலும் வலியவர்கள். எழுபதுகளில் இளைஞராயிருந்த இவர்களுக்கு 'கோமாளிகளின் கும்மாளம்' என்ற பெயரைச் சொன்னாற் போதும், படகு வந்ததையும் மறப்பர். இடையிடையே எவராவது சில்லையூர் செல்வராசனின் 'தணியாத தாகம்' என்பார். அது நகைச்சுவைத் தொடரன்று என்று அவரை உட்காரவைப்பர். கட்சிக்குள்ளேயே உட்பூசல் உண்டு. மரிக்கார் பக்கம் சிலர், அப்புக்குட்டி பக்கம் பலர், உபாலி பக்கம் பிடிவாதமான சிறுபான்மையினர். ஐயருக்காகப் பேசுவோர் பெரும்பாலும் பெண்கள் என்பது எமது கணிப்பு. அதற்குக் காரணம் தெரியவில்லை.

இளைய வாசகர்க்காக இந்நால்வரையும் அறிமுகப்படுத்துவது எம் கடன். நாடகத்தை எழுதிய எஸ். ராம்தாஸ் மரிக்கார் என்னும் முஸ்லிம் பாத்திரமானார். ரி. ராஜகோபால் யாழ்ப்பாணத்து அப்புக்குட்டி. எஸ். செல்வசேகரன், சிங்களவர் பேசும் தமிழைப் பேசிய உபாலி. பிராமணத் தமிழ் பேசிய ஐயராக வந்தவரோ அறிவிப்பாளர் பி. எச். அப்துல் ஹமீட்! ராம்தாஸ் மரிக்காராகவும் அப்துல் ஹமீட் ஐயராகவும் குரல் மாறி நின்ற காட்சியை, காட்சியே இல்லாத வானொலியில் நாட்டு மக்கள் ஏற்றுக்கொண்டனர். ஏற்றுக்கொண்டமை மாத்திரமன்று, அப்பெயர்கள் அந்நடிகர்களின் சொந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்டன. 'மரிக்கார் ராம்தாஸ்' என்றே அவர் 2016இல் மறையும் வரை அழைக்கப்பட்டார். 1976இல் இந்நாடகம் 'கோமாளிகள்' என்ற திரைப்படமாயிற்று. அதே குழுவினர் 1978இல் 'ஏமாளிகள்' என்ற படத்தையும் தந்தனர்.

அப்புக்குட்டியின் பேச்சு எந்தக் கோயிற்பற்றுப் பேச்சு என்பதில் ஒரு கிளை வழக்கும் உண்டு. ஊர்காவற்றுறையார் அது தமக்குப் பழகிய பேச்சே என்பர். நெடுந்தீவார் தலையசைத்து மறுப்பர். தமது பேச்சின் இழுவையையும் பழஞ்சொற்களையும் எந்த வானொலிக்காரனும் தொட்டதில்லை என்பது அவர்களுடைய நெடுநாட் குறை. குறை நியாயமானதென்றே தோன்றுகிறது. இலங்கைத் தமிழ் என்றாலே யாழ்ப்பாணத் தமிழ் என்று கொள்வதும், யாழ்ப்பாணத் தமிழ் என்றாலே வலிகாமத் தமிழ் என்று கொள்வதும் வானொலிக்கு மட்டும் உரிய வழக்கமன்று.

இவ்வழக்கை வேடிக்கையாகவே கேட்டுவந்த எம்மை நிமிர்ந்து உட்காரச் செய்தது மாணவி ஒருத்தியின் வினா. வகுப்பிலே வட்டார வழக்குப் பற்றிப் பேசும்போது கோமாளிகளை எடுத்துக்காட்டினோம். அவள் எழுந்து, "சேர், ஒருவர் மற்றவருடைய பேச்சைப் பேசிக் காட்டினது அந்த ஆட்களோடு சேர்ந்து சிரிக்கவோ, இல்லாவிட்டால் அந்த ஆட்களைப் பார்த்துச் சிரிக்கவோ?" என்று கேட்டாள்.

நல்ல வினா. அதனை முதியவர்கள் முன் வைத்தோம். அவர்கள் ஒருமுகமாகச் சாட்சி சொன்னார்கள்: நால்வரும் ஒருவரையொருவர் மடக்கினர், நால்வரும் மாறி மாறி ஏமாந்தனர், எவரும் மற்றவர்க்குத் தாழ்ந்தவராக இருந்ததில்லை. நம்பத்தக்க சாட்சிதான். ஆயினும், சொன்னவர்களுள் பெரும்பாலோர் அப்புக்குட்டி கட்சியினர் என்பதையும் நாம் குறித்துக்கொள்ள வேண்டும். மரிக்காரைக் கேட்டு ஒரு முஸ்லிம் குடும்பம் எப்படிச் சிரித்தது? உபாலியின் தமிழைக் கேட்டு, தமிழ் தெரிந்த சிங்கள நேயர் முகஞ் சுழித்தாரா, மகிழ்ந்தாரா? கடையிலும் சந்தையிலும் அடுத்தடுத்திருந்து ஒருவரையொருவர் பேசிக்காட்டும் உரிமை இருந்த காலத்தில் இதற்கு விடை எளிதாகக் கிடைத்திருக்கும். 1983 ஜூலையின் பின்னர், கொழும்பில் ஒரே சுவருக்கு இருபுறமும் வாழ்ந்தவர் பிரிந்தனர். 1990 ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, மரிக்காரின் பேச்சு யாழ்ப்பாணத் தெருக்களிலிருந்தே போயிற்று. தம் அயலவர் போனதைப் பற்றி இங்கு உரத்துப் பேசியவர் சிலரே.

நயினாதீவுப் படகை நோக்குங்கள். நாகபூசணி அம்மனைத் தரிசிக்கச் செல்லும் நம்மவரும் நாகதீப விகாரைக்குச் செல்லும் சிங்கள யாத்திரிகரும் தோளோடு தோள் இடித்து ஒரே பலகையில் அமர்கின்றனர். அத்தீவில் பள்ளிவாசலும் உண்டு. கோயிற் குருக்களும் அதே படகில்தான் வருவார். அப்புக்குட்டியும் உபாலியும் மரிக்காரும் ஐயரும் ஏறக்கூடிய படகு நாட்டில் வேறெங்கே இருக்கிறது? ஆயினும் அப்படகில் எவரும் எவருடைய பேச்சையும் பேசிக்காட்டக் காணோம். அது பண்பினாலா, அச்சத்தினாலா என்பதை அந்த நாடகத்தைக் கேட்டு ஒப்பிட்டாலல்லவா சொல்ல முடியும்?

கேட்க முடியாது என்பதே எம் முறைப்பாடு. கோமாளிகளின் கும்மாளத்தில் ஒரு வாரத்து நாடகத்தை முழுமையாகக் கேட்க ஒரு மாணவர் விரும்பினால், அவர் கைக்கு அது எளிதில் எட்டுவதில்லை. விதானையாரின் நிலை அதனினும் இரங்கத்தக்கது.

பிரித்தானியரிடமும் இவ்வகை வழக்கு உண்டு. அங்கே 'லாஸ்ற் ஒவ் த சமர் வைன்' என்ற தொலைக்காட்சி நகைச்சுவை 1973 முதல் 2010 வரை நடைபெற்றது. 31 தொகுதி, 295 பகுதி, அத்தனையும் றோய் கிளார்க் என்ற ஒரே ஆசிரியரின் கைவண்ணம். யோர்க்சயர் மலைச்சரிவில் மூன்று கிழவர் வேலையின்றி உலாவுவதே கதை. மூவரில் ஒருவர் காலத்துக்குக் காலம் மாறினார். பிளாமயர், ஃபொகி, சீமோர், ட்ரூலி என்ற நால்வருள் எவர் வந்த காலம் பொற்காலம் என்று இரசிகர்கள் இன்றும் மல்லுக்கு நிற்கின்றனர். ஆனால் அவர்கள் ஆதாரத்தோடு மல்லுக்கு நிற்கின்றனர். ஐயம் வந்தால் பழைய பகுதியைப் போட்டுப் பார்ப்பர்.

அவர்களும் எல்லாவற்றையும் காத்துவிட்டார்கள் என்றில்லை. ஒளிநாடா விலையுயர்ந்த பொருளாயிருந்தமையால் பீ.பீ.ஸீ. பழையதை அழித்து மீண்டும் பயன்படுத்தியது. 'டாட்ஸ் ஆமி' என்ற புகழ்பெற்ற தொடரில், 1969இல் ஒளிபரப்பான இரண்டாம் தொகுதியின் ஆறு பகுதிகளுள் ஐந்து காணாமற்போயின. 2001இல் இரண்டு அகப்பட்டன. எஞ்சிய மூன்றின் எழுத்துப் பிரதிகள் இருந்தமையால், 2019இல் புதிய நடிகரைக் கொண்டு அவற்றை மீண்டும் நடித்து ஒளிபரப்பினர். தொலைந்த பழைய வானொலி நிகழ்ச்சிகளுட் சில, நேயர்கள் தம் வீட்டில் ஒலிப்பதிவு செய்து வைத்திருந்த நாடாக்களிலிருந்தே மீண்டன. நிலையம் எறிந்ததை நேயர் காத்தார்.

எம் நேயர்களாற் காக்க முடிந்ததா? 1983இல் ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோ எரிந்தபோது அழிந்த படச்சுருள்கள் பல. 1990–91இல் தீவுப்பகுதி மக்களுட் பெரும்பாலோர் இடம்பெயர்ந்தனர். கைக்குழந்தையையும் காணி உறுதியையும் எடுத்துக்கொண்டு தோணி ஏறியவர்கள் கசெற் பெட்டியை நினைத்திருப்பார்களா? குடாநாட்டுக்குச் சென்றவர்கட்கு அங்கே மின்சாரம் இல்லை. பற்றறியும் தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதிக்க, டைனமோ தரும் மின்சாரத்தில் மற்றவர்கள் செய்தி கேட்ட காலம் அது. இரவு முழுவதும் மிதித்து நாடகம் கேட்டவரும் உண்டென்பர். மிதித்தவர் கேட்டாரா என்பது வேறு விடயம்.

ஆயினும், எல்லாம் போயிற்று என்று கைவிரிக்க வேண்டியதில்லை. எழுபதுகளின் பிற்பகுதியில் மத்திய கிழக்கு நாடுகளுக்குத் தொழிலுக்குப் போனவர்கள் திரும்பும்போது கொணர்ந்த முதற்பொருள் பெரும்பாலும் வானொலியோடு கூடிய கசெற் கருவியே. அதில் என்ன பதிந்தார்கள்? வீட்டுக் கலியாணம், கோயில் மேளம், வானொலியிற் பிடித்தவை. அந்நாடாக்களுட் சில லண்டனுக்கும் கனடாவுக்கும் மீண்டும் கடல் கடந்திருக்கும். நூலகம் நிறுவனம் 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவாக்கி எவரும் இலவசமாகப் படிக்க வைத்திருக்கிறது. ஒலிப்பதிவுகளும் அதன் சேகரத்தில் இடம்பெறுகின்றன.

இவ்விடுமுறையில் மாணவர்க்கு நாம் இட்டிருக்கும் வேலை இது. வீட்டில் எழுபதைக் கடந்தவர் எவரேனும் இருப்பின், எந்த நாடகத்தை, எவர் வீட்டு வானொலியில், எவரோடு இருந்து கேட்டார், எந்த இடத்திற் சிரித்தார் என்பதை அவர் சொல்லும் பேச்சு வழக்கிலேயே எழுதி வரவேண்டும். கொழும்பிலும் புத்தளத்திலும் உறவோ நட்போ உள்ளவர்கள், மரிக்காரைப் பற்றி அங்குள்ள முஸ்லிம் பெரியவர்களிடம் கேட்க வேண்டும். அந்த மாணவி புத்தளத்துக்குக் கடிதம் எழுதிவிட்டாள்.

பழைய நாடா அகப்படுமாயின், உடனே கருவியிலிட்டு ஓட்ட வேண்டாம். பூஞ்சணம் பிடித்த நாடா அறுந்துவிடும். வெயிலிலும் காயவைக்க வேண்டாம். உலர்ந்த இடத்தில் வைத்து, பழக்கமுள்ளவரிடம் கொடுத்துப் பிரதி எடுப்பியுங்கள். உறையின் மேல் 'அம்மன் தேர்த்திருவிழா' என்று எழுதியிருக்கிறதே என்று ஒதுக்கிவிடவும் வேண்டாம். வெறும் நாடா வாங்கக் காசில்லாத நாளில் மேளம் முடிந்த மிச்சத்திலே நாடகம் பதிந்தவர்கள் எம்மவர். மறுபக்கத்தையும் இறுதிவரை ஓடவிட்டுப் பாருங்கள்.