மனதை வெறுமையாக்க வேண்டுமா?



மருதமுனையிலும் அயலிலுள்ள பாண்டிருப்பு, பெரியநீலாவணைக் கிராமங்களிலும் பெண்கள் கூடும் இடங்களில் தியானம் பற்றிப் பேசினால் சில கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. இம்மாதம் அவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

"மிஸ், மனம் ஒரு நிமிஷம்கூட ஒரு இடத்தில நிக்குதில்ல. எனக்கு இது சரிவராதா?"

சரிவரும். தறியில் இருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நெய்யும்போது நூல் அறும். அறுந்ததைக் கண்டு, முடிந்து, மறுபடி நெய்கிறோம். நூல் அறுந்தது என்பதற்காக யாரும் தறியை விட்டு எழும்பிப் போவதில்லை. தியானமும் அப்படித்தான். மூச்சை ஒன்று முதல் பத்து வரை எண்ணுங்கள். இடையில் மனம் கடன்காரனிடமோ பிள்ளையின் பரீட்சையிடமோ போய்விடும். போனது தெரிந்தவுடன் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குங்கள். அப்படித் திரும்பி வருவதுதான் பயிற்சி. ஆரம்பத்தில் ஐந்து நிமிடம் போதும்.

"மூச்சை எண்ணத்தான் வேணுமா?"

இல்லை. 1975ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர் ஹேர்பர்ட் பென்சன் தளர்வு பற்றிய தமது நூலை வெளியிட்டார். ஒரு சொல்லை அமைதியாகத் திரும்பத் திரும்பச் சொல்லும்போது உடல் இறுக்கம் தளர்கிறது, மூச்சு நிதானமடைகிறது என்று அதில் விளக்கினார். யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், அவரவர் சமயத்தில் பழகிய சொல்லையே இதற்குப் பயன்படுத்தலாம் என்று எழுதியுள்ளார். திக்ரும் ஜெபமாலையும் நாமஜெபமும் வணக்கங்கள். அவற்றின் நோக்கம் வேறு, பெரியது. ஆனாலும் தொழுகைக்குப் பின் அவசரமின்றித் தஸ்பீஹ் ஓதும் உம்மாமாருக்கு ஒருமுகப்படுதல் புதிய பாடமல்ல.

"மனதில ஒண்டுமே இல்லாமப் போகணும் எண்டு சொல்றாங்களே?"

'நினைக்காதே' என்று மனதுக்குக் கட்டளையிட்டால் அது கேட்பதில்லை. 1987இல் டானியல் வெக்னர் என்ற உளவியலாளர் சிலரிடம் வெள்ளைக் கரடியை நினைக்கவேண்டாம் என்றார். அவர்களுக்குக் கரடிதான் மீண்டும் மீண்டும் நினைவுக்கு வந்தது. பௌத்தத்தில் 'சூனியம்' என்று சொல்லப்படுவதும் நினைவற்ற மனதை அல்ல. எதுவும் தனித்து, மாறாமல் நிலைத்திருப்பதில்லை என்பதே அதன் கருத்து. எனவே எண்ணங்களை விரட்ட வேண்டாம். வரட்டும், போகட்டும்.

"எனக்கு ஏற்கனவே உள்ளுக்குள்ள வெறுமையாத்தான் இருக்கு. அது தியானமா?"

இந்தக் கேள்வியைக் கவனமாகக் கேட்கவேண்டும். கணவனை, பிள்ளையை இழந்து அல்லது காணாமற்போகக் கொடுத்துப் பல வருடங்கள் கடந்தும், பேரப்பிள்ளை சிரித்தால்கூட ஒன்றும் தோன்றவில்லை என்று சொல்பவர்கள் உண்டு. அது அமைதியல்ல. தாங்கமுடியாத வலியிலிருந்து காத்துக்கொள்ள மனம் மரத்துப்போன நிலை. அமைதியடைந்த மனதுக்குக் குழந்தையின் குரல் கேட்கும், சோற்றின் ருசி தெரியும். மரத்துப்போன மனதுக்கு இரண்டும் எட்டாது. அப்படி இருப்பவர்கள் தனியே நெடுநேரம் கண்மூடி உட்கார்வதைவிட, நம்பிக்கையான ஒருவரோடு பேசுவதே முதலில் நல்லது.

"கண்ண மூடினா கடல்தான் வருது, மிஸ்."

2004 டிசம்பர் 26ஐக் கண்டவர்களும், வெடிச்சத்தத்துக்குள் ஓடியவர்களும் இப்படிச் சொல்வது பலவீனமல்ல. அவர்கள் கண்ணை மூடவேண்டிய கட்டாயம் இல்லை. கண்ணைத் திறந்தபடி கால்களை நிலத்தில் ஊன்றுங்கள். கண்முன் தெரியும் ஐந்து பொருட்களின் பெயரை மெதுவாகச் சொல்லுங்கள். நீரில் மூழ்கித் தப்பியவர்களுக்கு மூச்சைக் கவனிப்பதே பயத்தைக் கிளப்பலாம். அவர்கள் கை வேலையில் மனதை வைக்கலாம்: பாய் இழைப்பது, அரிசி புடைப்பது, நூல் சுற்றுவது. பயம் கூடினால் உடனே நிறுத்திவிடுங்கள். நிறுத்துவது தோல்வியல்ல.

துணையோடு செய்தால் பலன் உண்டு என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. போரும் சுனாமியும் தாக்கிய வடகிழக்கில் 31 சிறுவர்களிடம் நடந்த ஆய்வொன்று 2009இல் வெளியானது. பயிற்சி பெற்ற உள்ளூர் ஆசிரியர்கள் ஒரு குழுவினருக்கு, நடந்ததை ஒழுங்காக எடுத்துச் சொல்ல உதவினர். மற்றக் குழுவினருக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும் கற்பித்தனர். ஒவ்வொருவருக்கும் ஆறு அமர்வுகள். ஆறு மாதங்களின் பின் இரு குழுவிலும் பெரும்பாலானோர் தேறியிருந்தனர். தியானம் பழகிய பிள்ளைகளுக்கும் பக்கத்தில் ஒருவர் இருந்தார் என்பதை மறக்கவேண்டாம்.

நித்திரை பல வாரங்களாக இல்லாவிட்டாலும், உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தாலும் தியானத்தை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. அரச ஆதார வைத்தியசாலைக்குச் சென்று மனநலப் பிரிவைக் கேளுங்கள். வீட்டிலிருந்தே பேசவேண்டுமானால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள். தனியே போகத் தயக்கமாக இருந்தால் பக்கத்து வீட்டு ராத்தாவையோ அக்காவையோ கூட்டிக்கொண்டு போங்கள்.