ரெட்டைப் பல்லுக்குத் தாயா பொறுப்பு?

என் ஓர்ப்படியின் பேத்திக்கு இரண்டரை வயசு. சிரித்தால் கீழ் வரிசையில் ஒரு பல் மட்டும் அகலமாய், நடுவே கோடு விழுந்து, இரண்டு பல்லை ஒட்டி வைத்த மாதிரி தெரியும். பார்க்கிற பெண்கள் அத்தனை பேரும் குழந்தையின் அம்மாவைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். "மாசமா இருந்தப்போ கிரகணத்துல வெளியே வந்தியா?" "ஒட்டுப்பழம் தின்னியா?" பாவம், அந்தப் பெண் விசேஷ வீடுகளுக்குக் குழந்தையைத் தூக்கி வருவதையே விட்டுவிட்டாள்.

இது என்ன நியாயம்? கருவான ஆறு, ஏழு வாரத்திலேயே பால் பல்லுக்கான முளை உண்டாகிவிடுகிறது. நாலாம் மாசத்தில் முன்பற்கள் கெட்டிப்படத் தொடங்குகின்றன. அந்தச் சமயத்தில் பக்கத்துப் பக்கத்து முளைகள் இரண்டு சேர்ந்துகொண்டால் இப்படி ஒரு பல் வரும். ஒரே முளை இரண்டாகப் பிரியப் பார்த்து, பாதியில் நின்றாலும் இதே தோற்றம்தான். சில குடும்பங்களில் வழிவழியாக வருவதும் உண்டு. (அது அப்பா வழியாகவும் வரலாம். அவரை யாரும் கேட்பதில்லை!)

கேட்கவேண்டிய கேள்வி வேறு. "குழந்தைக்கு மொத்தம் எத்தனை பல்?" பால் பற்கள் எல்லாம் முளைத்தால் 20. கீழே இரண்டு கோரைப் பற்களுக்கு நடுவில் 4 இருக்கவேண்டும். ஒட்டுப் பல்லை ஒன்றாக எண்ணி 3தான் வருகிறதென்றால், பெரும்பாலும் இரண்டு பல் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்படிப்பட்ட குழந்தைகளில் சிலருக்கு, பின்னால் அந்த இடத்தில் வரவேண்டிய நிரந்தரப் பல் ஒன்று இல்லாமலே போவதுண்டு. அது எக்ஸ்ரேயில் தெரியும். எப்போது எடுப்பது என்று பல் டாக்டர் சொல்வார்.

"அசிங்கமா இருக்கு, பிடுங்கிடு" என்பவர்கள் ஒரு பக்கம், "விழப்போற பல்லுதானே, விடு" என்பவர்கள் இன்னொரு பக்கம். இரண்டுமே எனக்கு உடன்பாடில்லை. அழகுக்காகப் பிடுங்கவேண்டிய அவசியமே இல்லை. ஆனால் அந்த நடுக்கோட்டில் பிஸ்கட்டும் மிட்டாயும் போய் அடைந்துகொள்ளும். கோடு ஆழமாக இருந்தால் சொத்தை சீக்கிரம் பிடிக்கும். தினம் இரண்டு வேளை அந்த இடத்தில் பிரஷ் படுகிறதா என்று நாமே பார்க்கவேண்டும். தேவையென்றால் டாக்டர் அந்தக் கோட்டைப் பூசி அடைத்துவிடுவார். ஆறு, ஏழு வயசில் மற்றப் பற்கள் விழும்போது இது மட்டும் ஆடாமல் நிற்கலாம். அப்போதும் டாக்டரிடம் காட்டவேண்டும், வீட்டில் நூல் கட்டி இழுக்கக்கூடாது.

மேல் பல் முதலில் முளைத்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்பார்களே, அதுவும் இந்த ரகம்தான். என் கடைசிப் பையனுக்கு மேல் பல்தான் முதலில் வந்தது. அவன் தாய்மாமனுக்கு இப்போது எழுபது வயசு. கைமுறுக்கை இன்னும் கடித்துத்தான் தின்கிறார்.

- ஒரு வாசகி, கும்பகோணம்.